கற்பூர மாமாவும் நீக்கப்பட்ட வீடியோவும்

கொரோனா காலத்தில் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, தமிழர்களின் வைத்தியங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அதுதான் வேலை. ஒரு பெரிய சமூக ஊடகத்துக்காக ஏதோ ஒப்பந்த நிறுவனம் சம்பளம் போட்டது. மூக்கில் எலுமிச்சைச் சாறு விடச் சொல்பவர், தலைகீழாக நின்றால் வைரஸ் இறங்கிவிடும் என்பவர், எல்லோரும் வரிசையாக என் திரைக்கு வருவார்கள். ஆபத்தான வீடியோவை நீக்க வேண்டும். வெறும் முட்டாள்தனமாக இருந்தால் விட்டுவிடலாம். வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டில் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை".

ஒரு காலை அந்த வரிசையில் என் தாய்மாமா வந்தார்.

சிதம்பரத்தில் கல்லூரி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சலவைச் சட்டையில் உட்கார்ந்து, கற்பூரமும் ஓமமும் கட்டிய கைக்குட்டையை ஆட்டிக் காட்டினார்.

"மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. இத மோந்து பாருங்க. ஆக்சிஜன் தானா ஏறும்."

சொந்தக்காரர் பதிவில் நாங்கள் கைவைக்கக் கூடாது. வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டேன். என் டீ ஆறுவதற்குள் வீடியோ போய்விட்டது. மதியம் மாமாவின் போன்.

"எவனோ ஒரு பய என் வீடியோவ தூக்கிட்டாம்மா. அமெரிக்காகாரன் சதி."

"அவனுக்குத் தமிழ் தெரியுமா மாமா?"

"அதுக்குன்னு இங்க ஆள் வெச்சிருப்பான். சோத்துக்கு இல்லாத பய."

"பொம்பளையாகூட இருக்கலாம்."

"இருக்காது. பொம்பளைங்களுக்கு அறிவு ஜாஸ்தி."

அடுத்த வாரமே அத்தை போனில் அழுதார். மாமாவுக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு, வழியில் மறித்த போலீஸிடம் கெஞ்சி, ஸ்கூட்டரில் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். மாமா கைக்குட்டையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"என்னா மாமா, ஆக்சிஜன் ஏறுச்சா?"

"கொஞ்சம்... டைம்... எடுக்கும்."

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் விரலில் கருவியை மாட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, தொண்ணூறுக்கும் கீழே நின்ற எண்ணைப் பார்த்தவர், சட்டையை எடுக்கச் சொன்னார். ஆம்புலன்ஸில் ஏறும்போது என் கையைப் பிடித்தார்.

"என் பேச்ச நம்பி... எவனாச்சும் வீட்டுல ஒக்காந்திருப்பானாம்மா?"

"மொதல்ல நீங்க ஏறுங்க மாமா" என்றேன்.

பாதி உடம்பாகப் பிழைத்து வந்ததும் முதல் வேலையாகப் புது வீடியோ போட்டார். அதே கைக்குட்டையைக் காட்டி, "இது வேலைக்கு ஆவாது, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார். இந்த முறை என்னைப் போல் நீக்கும் வேலையில் இருக்கும் மனிதர் யாரும் அதைப் பார்க்கவேயில்லை. கைக்குட்டையைக் கண்டதும் இயந்திரம் தானாகவே நீக்கிவிட்டது.

"நல்லது சொன்னாலும் தூக்குறானுங்களே!"

மேல்முறையீட்டை எழுதித் தந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் முழுசாகப் பார்த்து, வீடியோவைத் திருப்பிப் போட்டார். ஆனால் கீழே வந்த கேள்விகளெல்லாம் ஒரே மாதிரிதான்: "ஐயா, பச்சைக் கற்பூரமா, சூடமா?" மாமா பொறுமையாக ஒவ்வொருவருக்கும் "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று பதில் போட்டார். மறுபடி மறுபடி கேட்ட ஒருத்தனுக்கு மட்டும் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை. அந்தப் பதிலையும் நீக்கிவிட்டார்கள். அது நியாயமான தீர்ப்புதான்.