விரதக் களைப்பு என்றேன்

சென்ற வைகாசி, கண்ணகி அம்மன் கோயிலின் குளிர்த்திச் சடங்குக்கு முதல் நாள், களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீடு. பிற்பகலில் என் மனைவி முதுகு உளைவதாகச் சொன்னாள். பின்னர் தாடையிலும் நோவு, வியர்வை. மாலையில் மயங்கி விழுந்தாள். வைத்தியசாலையை அடையுமுன் உயிர் பிரிந்தது. காரணம் மாரடைப்பு.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளன். பெண்களின் இதயநோய் குறித்த அண்மைய ஆய்வுகளைப் பற்றி மாதர் சங்கத்தில் ஆற்றவிருந்த உரையை அன்று திருத்திக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியின்றி முதுகு நோவாகவும், தாடை நோவாகவும், வெறும் களைப்பாகவும் வரக்கூடும் என்பதே அதன் சாரம்.

"தாடையும் நோகுது. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள்.

"விரதக் களைப்பு. இளநி குடிச்சிட்டுப் படு."

"ஓம், ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற ஆள் சொன்னாச் சரிதானே," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குளிர்த்தி விரதத்தில் அவள் ஆண்டுதோறும் களைத்துப்போவதைப் பார்த்துப் பழகியிருந்தேன். கையிலிருந்த தாளிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

இப்போது அயலில் எந்தப் பெண் களைப்பென்றாலும், அது விரத நாளேயானாலும், நான் காரணம் சொல்வதில்லை. முச்சக்கரவண்டியை அழைத்து உடன் செல்கிறேன்.

இன்னும் செய்யாதவை சில உள்ளன. அம்மனுக்கென்று அவள் எடுத்துவைத்த பட்டுச் சேலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். மாதர் சங்கத்தில் அந்த உரையை ஆற்ற வேண்டும். "அக்கா ஒண்டும் சொல்லல்லையா, அத்தான்?" என்று கேட்ட அவள் தங்கையிடம் "இல்லை" என்றேன், அதைத் திருத்த வேண்டும்.