படுத்த இடத்திலிருந்து கடல் தெரியணும்

கோடி வருஷங்களுக்கு முன்னால் எங்கள் அரியலூரே கடலுக்கடியில்தான் கிடந்ததாம். சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடங்களில் இன்றைக்கும் கல்லாய்ப் போன கிளிஞ்சல் கிடைக்கிறது. வகுப்பில் நானே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். கொஞ்சம் முன்னாடி பிறந்திருந்தால் வீட்டு வாசலிலேயே கடல். என் நேரம், கடலெல்லாம் வற்றி சிமெண்டு லாரி ஓட ஆரம்பித்த பிறகு வந்து பிறந்தேன். அதனால் போன ஐப்பசியில் கடலோரம் ஒரு ரூம் தேடி நாயாய் அலைந்தேன். அலைந்தது கட்டைவிரல்தான், போனில்.

என் ஆசை ஒன்றும் பெரிய ஆசை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலை டீ நான்தான் போடுகிறேன். காய்ச்சல் வந்தாலும் நான்தான், கால் சுளுக்கினாலும் நான்தான். ஒரே ஒரு நாள், வேறு யாரோ போட்ட டீ கதவைத் தட்டி வரவேண்டும். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தபடி அதைக் குடிக்க வேண்டும். பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். தீபாவளியை ஒட்டி லீவு சேர்ந்தாற்போல் வந்தது. லப்பைக்குடிக்காட்டில் ஒரு துபாய்க்காரரிடம் வாங்கிய பழைய கார் சும்மாதான் நின்றது. எங்க வூட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். அப்புறம் ஏதாவது கோணலாகிப்போனால், "உன் இஷ்டப்படிதானே நடந்துச்சு" என்பார்.

ரூம் பிடிப்பதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கக் கூடாது. தங்கினால், அவர்கள் வாசலில் நின்று காறித் துப்பியதற்குச் சமம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்கவே மாட்டார்கள். சரி, அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டுப் போகலாமே என்றால், விருந்தாளி என்பதெல்லாம் ஆம்பளைகளுக்குத்தான். பொம்பளை போனால் முதலில் கையில் தண்ணி கொடுப்பார்கள், அடுத்து அருவாமனை கொடுப்பார்கள். கொடுக்காவிட்டாலும் நானே போய் வாங்கிக்கொள்வேன், அதுதான் என் கேடு. அடுத்தவள் வேலை செய்யும்போது உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பு வணங்காது.

ஆகவே நான் ஊர் தேடவில்லை, சொந்தமில்லாத ஊராகத் தேடினேன். சிதம்பரத்தில் சின்ன மாமனார். சீர்காழியில் என் ஓர்ப்படியாளின் தாய்வீடு. காரைக்காலில் நாத்தனார், இவருடைய ஒரே தங்கச்சி. வேளாங்கண்ணியில் யாருமில்லை; ஆனால் லீவு விட்டால் எங்கள் பக்கத்து வரதராஜன்பேட்டைக் கிறிஸ்தவ ஜனம் பாதி அங்கேதான் இருக்கும், கூட வேலை பார்க்கிற டீச்சர் உட்பட. கழித்துக் கழித்துப் பார்த்ததில் தரங்கம்பாடி மிஞ்சியது. ஏதோ பெரிய கணக்குக்கு விடை கண்டவள்போல எனக்குப் பெருமை தாங்கவில்லை. காரைக்கால் பைக்கில் எட்டிப் போகிற தூரத்தில் இருப்பது மட்டும் அந்தக் கணக்கில் வராமல் போனது.

லாட்ஜுக்குப் போன் போட்டேன். "படுத்த இடத்துலேர்ந்து கடல் தெரியுமாங்க?"

"தெரியும் மேடம்."

"எட்டிப் பாத்தாவா, எட்டிப் பாக்காமயா?"

"எட்டிப் பாக்காமயே தெரியும் மேடம்."

"காலைல டீ ரூமுக்கு வருமா? நாங்க கீழ வந்து வாங்கணுமா?"

"நாங்களே கொண்டாந்து தருவோம் மேடம்." அந்த மனுஷன் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. ஆனாலும் கேட்காமலே விலையைக் குறைத்தார். ஐப்பசியில் அடைமழை என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கிளம்பிப் போகும்போது, ஜெயங்கொண்டம் தாண்டுவதற்குள் நாத்தனார் போன் பண்ணினாள். வண்டிச் சத்தம் கேட்குதே, எங்க போறீங்க என்றாள். "இங்கதாம்மா, ஜெயங்கொண்டத்துல ஒரு காதுகுத்து" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. சிதம்பரம் பைபாஸில் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். "பைபாஸ்ல போற கார சித்தப்பா மேகத்துலேர்ந்தா எட்டிப் பாக்கப் போறாரு?" என்றார் இவர்.

ரூம் சொன்னபடியே இருந்தது. கட்டிலில் விழுந்தேன், கடல் தெரிந்தது. திரும்பிப் படுத்தேன், அப்போதும் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியை வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்திருக்கலாம். கிடப்பேனா? காலை நீட்டி, காலுக்கு அப்பால் கடல் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். விவரமாகத்தான் போட்டேன், சொந்தக்காரப் பொம்பளைகள் யாருக்கும் தெரியாதபடி ஒவ்வொரு பெயராக மறைத்தேன். நாத்தனாரை மறைத்தேன், அவள் வீட்டுக்காரரை மறந்தேன். ஒரு நல்ல நாளுக்குக்கூட வாழ்த்து அனுப்பாத மனுஷன், அன்றைக்கென்று பார்த்துத் தொலைத்தார். தவளை தன் வாயால் கெடுமாம். நான் கட்டைவிரலால் கெட்டேன்.

போன் வந்தது. "அண்ணி, காதுகுத்து நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சும்மா."

"கடல்லயா வச்சுக் குத்துனாங்க?"

தரங்கம்பாடி என்று லாட்ஜ் பெயரோடு ஒப்புக்கொண்டேன். "அங்கயே இருங்க, வரேன்" என்று வைத்துவிட்டாள்.

இவர் எழுந்து பையைக் கட்ட ஆரம்பித்தார். தங்கச்சி வந்து கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நாளைக் காலையில் அவள் வீட்டு அடுப்படியில், வெங்காயத்தோடு நிற்பேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அழுகை வந்துவிட்டது. ஒரு டீக்கு அழுகிற பொம்பளை உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

தூறலில் நனைந்துகொண்டு பைக்கில் புருஷனோடு வந்து இறங்கினாள். கையில் தூக்குவாளி, அதில் மீன் குழம்பு. படியேறும்போதே சத்தம் வந்துவிட்டது. "எங்க வூடு என்ன இடிஞ்சா போச்சு? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னை என்ன நெனப்பாங்க? ஏண்ணே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?" அண்ணன் என்னைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று அவர் முகத்தில் எழுதியே இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

தூக்குவாளியை மேசைமேல் வைக்கப் போனவள் ஜன்னலைப் பார்த்தாள். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். "கடக்கரை ஊருலதான் வாக்கப்பட்டேன்னு பேரு" என்றாள். "பிள்ளைங்களக் கூட்டிட்டுச் சாயங்காலம் போனா உண்டு. அதுவும் சுண்டல் வாங்கித் தரத்தான் நேரம் இருக்கும்." என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "காலைல டீ?"

"இவங்களே கொண்டு வருவாங்க."

"கதவத் தட்டியா?"

"கதவத் தட்டி."

அவள் புருஷன் கடிகாரத்தைப் பார்த்து, "சரி, கிளம்பலாமா, பிள்ளைங்க தனியா இருக்குங்க" என்றார்.

"நீங்க போங்க. அண்ணனக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, சத்தமே இல்லாமல் கேட்டாள். "அண்ணி, நான் இன்னிக்கி ஒரு நாள் இங்க இருந்துக்கட்டுமா?"

இவளிடமிருந்து ஒளியத்தான் காதுகுத்து என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்! என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. "இரும்மா, இரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ராத்திரிக்கு?" என்றார் அவள் புருஷன்.

"மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஊத்திக்குங்க."

எங்க வூட்டுக்காரர் கட்டிய பை வீண் போகவில்லை. அதையே தூக்கிக்கொண்டு, மழைக்குப் பைக் லாட்ஜிலேயே நிற்கட்டும் என்று மச்சானோடு காரில் கிளம்பினார். மீன் குழம்பை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் வழக்கம்போல இருட்டோடு முழிப்பு வந்து, எழுந்து அடுப்படிக்குப் போகிறேன் என்று நடந்து பாத்ரூம் கதவில் இடித்துக்கொண்டேன். திரும்பி வந்து படுத்தால் பொலபொலவென்று விடிந்தது. கடலைத்தான் காணோம். ஒரே அடைமழை, ஜன்னல் முழுக்க வெள்ளை. விசாரித்து விசாரித்துப் பிடித்த கடல் வெள்ளை வேட்டி காயப்போட்டது மாதிரி இருந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த நாத்தனார் அலறிப் புடைத்து எழுந்தாள். கண் திறக்கவில்லை, கை மட்டும் கூந்தலை அள்ளி முடிந்தது. "இதோ ஆச்சு, அடுப்புல வச்சுட்டேன், இதோ" என்றாள்.

"படுடி. டீ வந்துருச்சு" என்றேன்.

ஃப்ளாஸ்க்கோடு வந்த பெரியவரிடமிருந்து அதை வாங்க நான் கை நீட்டினேன், அவளும் எழுந்து வந்து நீட்டினாள். "உக்காருங்கம்மா, நான் ஊத்துறேன்" என்றார் அவர். நாங்கள் இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். டீ சுமார்தான். தண்ணி ஜாஸ்தி, இஞ்சி இல்லை. நான் இதைவிட நன்றாகவே போடுவேன்.

அவள் முதல் வாய் குடிக்கும்போது போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், அவள் புருஷன். "அண்ணி, டீத்தூள் டப்பா எங்கன்னு கேப்பாங்க" என்றாள்.

பாதி எழுந்தவள், ஜன்னலில் கொட்டும் மழையைப் பார்த்தாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, காலைக் கட்டில்மேல் தூக்கி மடக்கி உட்கார்ந்தாள்.

"தேடட்டும்" என்றாள்.