அப்பாவின் காலைப் பற்றி இரண்டு நிமிடம்

என்னைப் படிக்க வைத்தது திருச்சியில் இருக்கும் ஒரு அறக்கட்டளை. அவர்கள் மட்டும் இல்லையென்றால் பிளஸ் டூ முடித்த கையோடு வையம்பட்டியிலிருந்து ஏதாவது ஒரு மில்லுக்கு வேன் ஏறியிருப்பேன். அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் என் மேல்தான்.

வசதியில்லாத வீடுகளிலிருந்து அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை அது. கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடுவார்கள். அதோடு சனிக்கிழமைதோறும் கே.கே. நகரில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் தயார்ப்படுத்தும் வகுப்பு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை நேர்காணல் வைத்து உதவித்தொகையைப் புதுப்பிப்பார்கள். பணம் கொடுக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் எதிரே உட்கார்ந்து, "உன்னப் பத்திச் சொல்லும்மா" என்பார்கள். இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பழக்கிவிட்டவர் சனிக்கிழமை வகுப்பு எடுத்த சார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாதுவான மனிதர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேசச் சொல்வார். என் அப்பா பெயிண்டர். நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடிக்கப் போய், சாரத்திலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். நான் முதலில் என் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு அதைக் கடைசியில் சொன்னேன். "கால் விஷயத்த ஏம்மா கடைசில வைக்கிற? மொதல்ல கொண்டா" என்றார் சார். "அப்பா இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்" என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தவும் சொன்னார். நிறுத்தினேன். அந்த வருடம் எதிரே இருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இரண்டாம் வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா கம்பில்லாமல் நடந்தார். அதற்கப்புறம் மறுபடி சாரம் ஏற ஆரம்பித்தார். நானே பார்த்தேன், பார்த்து சந்தோஷப்பட்டேன். திருச்சிக்கு வந்து நேர்காணலில் உட்கார்ந்ததும் பழைய கம்பை மறுபடி அவர் கையில் கொடுத்தேன். மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மனப்பாடம் ஆகிவிட்ட ஒன்றை நடுவில் மாற்றினால் தடுமாறிவிடுவோம் என்ற பயம்தான் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில், இன்னும் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை அவர்கள் என்.எஸ்.பி. ரோடில் கடை பார்க்கக் கிளம்புவார்கள், நான் வகுப்புக்குக் கிளம்புவேன். கல்லூரியிலும் இதே கதைதான். என்னுடன் படித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற பெண், காசுக்குச் சங்கடப்படுவாள் என்று நினைத்து, கேன்டீனுக்குக் கூப்பிடாமலே போய்விடுவார்கள். ஒரு டீக்கு என்னிடமும் காசு இருந்தது. அதை நானாகப் போய் யாரிடம் சொல்வது? மத்தியான நேரங்களில் வேதியியல் ஆய்வகத்திலேயே இருந்துவிடுவேன்.

அங்கேதான் தண்ணீர் என்னைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் சோதனை எல்லாருக்கும் பாடத்தில் உண்டு. பியூரெட் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், குடுவையில் இருக்கும் சிவப்பு ஒரு சொட்டில் நீலமாகும். பாடத்துக்குச் செய்து முடித்த பிறகும் நான் விடவில்லை. அறைக் குழாய்த் தண்ணீர், எங்கள் வீட்டு போர் தண்ணீர் என்று பாட்டிலில் கொண்டுவந்து சோதித்து நோட்டில் எழுதி வந்தேன். மழை பெய்தால் கடினம் குறைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு போரில் மட்டும் மழைக்கப்புறம் கூடியது. நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்தேன். கூடித்தான் இருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. வெளியூரில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனம், கோடையில் இரண்டு மாதம் அங்கே தங்கி ஆராய்ச்சி செய்ய மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது. தண்ணீரைப் பற்றியே ஒரு பிரிவு அங்கே இருந்தது. அதில் இடம் கிடைத்தால் எம்.எஸ்சி.க்கும் வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் டிகிரியோடு ஏதாவது கடையில் பில் போடப் போக வேண்டியதுதான். நேர்காணல் திருச்சியிலேயே நடந்தது. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் காவேரிப் பாலம் தாண்டும்வரை மழை, போர், அளவு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் சிரித்த முகமாக, "மொதல்ல உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது. சாரம், மண்டபம், வலது கால், கம்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு நொடி நிறுத்தினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அதன் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் ஏன் செய்யவில்லை, வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள். ஒன்று விடாமல் பதில் சொன்னேன். நேரம் முடிந்தது. "தைரியமா இருங்க" என்று மேடம் என் கையைப் பிடித்து அனுப்பினார். மாடிப்படி பாதி இறங்கிய பிறகுதான், பையிலிருந்த நோட்டை எடுக்கவே இல்லை என்பது உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பையன் என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனான்.

இரண்டு வாரம் கழித்துத் தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. அறையில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. நேர்காணலுக்குப் போனதே அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். ஆய்வகத்துக்கு வெளியே வந்து எடுத்தேன்.

"பாப்பா, யாரோ ஒரு மேடம் பேசுனாங்க. உன்னைய இன்டர்வியூ எடுத்தவங்களாம், நீ எழுதிக் குடுத்த அப்ளிகேசன் பாரத்துல இருந்து நம்பர எடுத்தாங்களாம். உனக்கு எடம் குடுக்க முடியலன்னு வருத்தப்பட்டாங்க. என் கால் ஆபரேஷனுக்கு அவங்களே செலவு பண்றாங்களாம். நல்லவங்களா இருக்காங்க."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நல்லாருக்குன்னு சொன்னா உன்னையப் பொய்க்காரின்னு நெனச்சிருவாங்கல்ல. ஆமாங்க, நடக்கத்தான் முடியல, ஆபரேஷன் வேணாங்க, மருந்துலயே பாத்துக்கறோம்னு சொல்லிட்டேன்." அப்புறம் சிரித்தார். "சாரத்துல நின்னுக்கிட்டுத்தான் சொன்னேன்."

நான் அழுதேன். அவமானமாக இருந்தது. அப்பாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்பதைவிட, அதை அவர் அவ்வளவு சுலபமாக எனக்காகச் செய்தது தாங்கவில்லை. மேடத்துக்கு அன்றைக்கே உண்மையை எழுதி மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

போனில் அப்பா திட்டவே இல்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அது கெடக்கட்டும். அங்க போயி என்ன படிக்கிறதா இருந்த?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"சொல்லு பாப்பா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அப்பா.

எனக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.