பாரிஸுக்குப் போகும் விரல்கள்

திருவாரூர் சாலையில் எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து வயலில் பெண்கள் நாற்று நடுகிறார்கள். வயலுக்குச் சொந்தக்காரரான செல்வி மட்டும் வரப்பில் உட்கார்ந்து, விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்க நடவுக்கு இறங்கலீங்களா?" என்று கேட்கிறேன்.

"அடுத்த வாரம் பாரிஸ் போறேங்க. மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு. அங்க ஏர்போர்ட்ல இப்ப பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதில்லையாம், மெஷின்ல விரல் வைக்கணுமாம். நம்ம ரேஷன் கடை மெஷினுக்கே என் ரேகை தெரியாது. அதான் ஒரு மாசமா சேத்துல கை வைக்கல."

சொல்லிக்கொண்டே கைப்பேசியில் கட்டைவிரலை அழுத்துகிறார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறார். திரை திறந்து, தொப்பி போட்ட பச்சைக் குழந்தை தெரிகிறது.

"ரேகைய எடுத்துருச்சுங்க" என்கிறார் மெதுவாக.

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்புக்கு வருகிறார்கள். செல்வி கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறார்.

"சேத்துக் கையோட தொடாதீங்கடி. அங்கேருந்தே பாருங்க, என் பேத்திய."