செல்லையா கடைக்கு மாடி கிடையாது

வரி கட்டுகிற உங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வயிற்றெரிச்சல். இலங்கையின் மாத்தளையில் நகரசபைக்கு வரி வசூலிக்கக் கடை கடையாக ஏறி இறங்கிய எனக்குத் தினமும் அதுதான் சாப்பாடு.

வெங்காயப் பரண்

கட்டடம் பெரிதானால் வரியும் கூடும். அதனால் மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் கடைத்தெருவே ஏழையாகிவிடும். மின்விசிறி இறங்கும், புதுச் சிமெந்துத் தரையில் சாக்கு விரியும். சில்லறைக்கடை செல்லையா அண்ணன் மாடிக்கு ஏறும் மர ஏணியையே எடுத்து ஒளித்துவிட்டார்.

"மேல என்ன?" என்று என்னோடு வந்த மதிப்பீட்டாளர் கேட்டார். "வெங்காயம் போடுற பரணுங்க" என்றார் அண்ணன். அந்த நேரம் பார்த்து மேலே தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. பாவம் அண்ணி, இறங்க வழியில்லாமல் காலையிலிருந்து மேலேயே இருந்திருக்கிறார். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எலிங்க ஐயா. பெரிய தொல்லையாப் போச்சு."

நாய்த் தகடு

நாய் வளர்த்தால் அதற்கும் வரி கட்டி, கழுத்துக்கு ஒரு தகடு வாங்க வேண்டும். நான் தெருவில் இறங்கினால் ஊரில் ஒருவருக்கும் நாய் இருக்காது. அண்ணனின் காலடியில் ஒரு செவலை நாய் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "யாரு நாயோ" என்றார். உள்ளேயிருந்து அண்ணி "டைகர், சோறு திங்க வா" என்று கூப்பிட, அது துள்ளி எழுந்து ஓடியது.

"தெரு நாயிங்க தம்பி. எங்க வீட்டுல எல்லா நாயையும் டைகர்னுதான் கூப்புடுவாங்க."

பதிவில் உள்ளபடி

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். அண்ணனும் அண்ணியும் உடுத்த துணியோடு தப்பி முகாமுக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் அவர் நேரே என் மேசைக்குத்தான் வந்தார். நட்டஈடு கேட்பதற்கு, எரிந்த கட்டடம் எப்படி இருந்தது என்று நகரசபைப் பதிவின்படி ஒரு கடிதம் வேண்டும். பதிவிலோ அன்று சொன்ன வெங்காயப் பரண்தான், மாடி இல்லை.

"மாடி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமே தம்பி" என்றார். தெரியும். ஆனால் பதிவில் உள்ளதைத்தான் எழுதலாம் என்று என் மேலதிகாரி கையை விரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் சண்டை போடவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே டைகர் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முகாமில் இருந்த நாளெல்லாம் அது எரிந்த கடையை விட்டு நகரவே இல்லையாம்.

"மாடிதான் இல்லேன்னு போச்சு. இதையாச்சும் என் நாய்னு எழுதி, ஒரு தகடு குடுங்க தம்பி."

என் உத்தியோக காலத்தில் கேட்காமலே தேடி வந்து வரி கட்டிய மனிதர் அவர் ஒருவர்தான், அதுவும் கட்டச் சொல்ல எனக்கு வாயே வராத அன்றைக்கு.