மேல் வரிக்குப் போகாத எடிட்டர்

அப்பாவின் பட்டுக்கடைக்கு வேலூரிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஆரணியில் அதைப் பார்க்கவென்றே சிலர் சேலை வாங்குவதுபோல வந்து போனார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த அப்பாவின் தங்கை, என் அத்தை, அதன்முன் உட்கார்ந்தாள். வெளியூர்க் கடைகளுக்குக் கடிதம் அடிப்பது அவள் வேலை.

கம்ப்யூட்டரை ஓட்டும் டாஸோடு, கடிதம் அடித்துத் திருத்த இலவசமாக ஓர் எடிட்டரும் வந்திருந்தது. அதில் ஒவ்வொரு வரியாகத்தான் திருத்த முடியும். மேல் வரியில் ஓர் எழுத்துப் பிழையென்றால் அம்புக்குறிப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் மேலே போகாது. அந்த வரியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் எனக்கே கை பரபரக்கும்.

மெஷினைப் பார்க்க வேலூர் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் பைக்கில் வருவார். அத்தை அவரோடு இதற்காகவே சண்டை போடுவாள்.

"டைப்ரைட்டர்லகூட ரோலரைத் திருப்புனா மேல போவுது. இதுக்கு என்னாங்க கேடு?"

"அடுத்த டாஸ்ல வந்துடும்ங்க. வந்ததும் நானே எடுத்துகினு வரேன்."

சொன்னபடியே புது டாஸ் இருந்த பிளாப்பிகளோடு வந்தார். நகல் எடுப்பது கொஞ்சம் சுலபமாகியிருந்தது. எடிட்டர் மட்டும் அப்படியே இருந்தது. அத்தை மறுபடி சண்டை போட்டாள். காபி ஆறிப்போகும்வரை அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

பிறகு அவர் வருவது நின்றுபோயிற்று. அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் பாதி வரியில் எழுந்துபோய்ப் பார்ப்பாள். கடைசியில், புது எடிட்டர் வந்துவிட்டதா என்று நேரிலேயே கேட்டு வருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்தாள். கண்ணமங்கலம் தாண்டும்வரை பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள்.

"ஏன் அத்தே இவ்ளோ பேஜாரா கீற?"

"அந்த எடிட்டர் இல்லாம வேலையே ஓடலடி."

கம்பெனியில் அவர் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

"அவரு மெட்ராஸ் போய்ட்டாருங்க. கல்யாணம் ஆன கையோட மாத்தல் வாங்கிகினு போய்ட்டாரு," என்றபடி புதுப் பிளாப்பிகளை எடுத்து நீட்டினார்.

அத்தை அவற்றை வாங்கி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்தான் கேட்டேன்: "இதுல மேல் வரிக்குப் போவுமா?"

"இல்லமா, எடிட்டர் பழசேதான். அடுத்ததுல வரும்னு சொல்லிகினு கீறாங்க."

இனி இவர் பாடு திண்டாட்டம்தான் என்று அத்தையை நிமிர்ந்து பார்த்தேன்.

"பரவால்லீங்க," என்றாள் அத்தை. "இதுவே பழகிடுச்சி."

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடையில் அத்தனை சண்டை போட்டவள், அவ்வளவு தூரம் போய் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டாள். புது ஆள் என்பதால் பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியவள் திருப்பியபடியே வந்தாள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அடுத்த வாட்டி நான் கேக்கறேன் அத்தே. நீ கவலப்படாத," என்று தைரியம் சொன்னேன்.