என் மாப்பிள்ளை பெயரில் ஓடிய லாரி

உங்கள் காதில் பூச்சுற்றுவதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் ஆளை விடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது நடுராத்திரிக் கதை இல்லை. பேய் என்றால் இருட்டிய பிறகுதான் வரவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, மதியம் 1:56க்கு ஆரம்பித்தது.

நான் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷமாக இதுதான் தொழில். கிடங்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போய், கடையோடு சேர்ந்த சின்னச் சின்ன பங்க்குகளில் இறக்க வேண்டும். பால், ரொட்டி, பேட்டரி, குடை என்று கலந்துகட்டி விற்பார்களே, அந்த மாதிரிக் கடைகள்.

இரண்டு வருஷத்துக்கு முன் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு லாரியிலும் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பெட்டி வைத்தார்கள். டிரைவர் தன் கார்டை அதில் சொருகிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் ஓட்டலாம். தாண்டினால் பெட்டி கத்தும், அதோடு எழுதியும் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கார்டில் ஓட்டிப் பிடிபட்டால் லைசன்ஸ் போய்விடும். எண்ணெய் இருக்கிற வண்டிக்குள் போனை அணைத்தே வைத்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒருத்தன் இருபதாயிரம் லிட்டரோடு ஒரு கடைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் போட்ட சட்டம். அப்போது எனக்கு அது புத்தியில் ஏறவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதியவனுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சட்டம் வந்ததும் கம்பெனியில் டிரைவர் பஞ்சம். வண்டிகளை அனுப்பும் சாருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அவசரம்’. அந்த மனுஷன் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உங்க மாப்பிள்ளை கார்டு வீட்ல சும்மாதானே கிடக்கு? வாங்கிட்டு வாங்க. ஓட்டறது நீங்க, நேரம் அவரோடது. யாருக்கு என்ன நஷ்டம்?”

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். அவனும் எங்கள் கம்பெனி டிரைவர்தான். டேங்கர் ஏணியில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். ஆள் ஆறடிக்கு மேல். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும். நான் போய்க் கேட்டதும் சிரித்துக்கொண்டே கார்டைத் தூக்கிப் போட்டான்.

“எடுத்துக்கோங்க மச்சான். என் பேர்ல நீங்க ஓட்டுங்க, உங்களுக்கும் சேர்த்து நான் தூங்கறேன்.”

“ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல்,” என்றாள் தங்கச்சி.

மூன்று வாரம் அந்தக் கார்டில் ஓட்டினேன். என் பத்து மணி நேரம் முடிந்ததும் என்னுடையதை உருவுவேன், அவனுடையதைச் சொருகுவேன். தினம் நாலு மணி நேரம், சில நாள் ஐந்து. இடையில் இரண்டு தடவை தங்கச்சி போன் செய்தாள். “அண்ணா, இவர் படுத்தேதான் கிடக்கார். ஆனா இளைச்சுக்கிட்டே போறார். கண்ணைச் சுத்திக் கருப்பு விழுந்திருக்கு” என்றாள். சோம்பேறிக்குப் படுத்திருப்பதும் பெரிய வேலைதான் என்று கேலி செய்தேன். இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை விடியற்காலை 3:30க்கு வண்டி எடுத்தேன். மதியம் 1:56க்குப் பெட்டி கத்தியது. என் நேரம் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு கடை பாக்கி. காலையிலிருந்தே டீசல் இல்லை என்று அந்தக் கடைக்கார அக்கா நாலு தடவை ஆபீஸுக்குப் போன் செய்திருந்தார். ஓரம் கட்டினேன். கார்டை மாற்றினேன். பெட்டியில் மாப்பிள்ளை பெயர் வந்தது. பீப்... ஒரு சத்தம். கிளம்பிவிட்டேன்.

2:20க்கு டயர் பார்க்க இறங்கினேன். கதவைப் பூட்டினேன், சாவி என் பையில். இரண்டு நிமிஷம்தான். திரும்பி ஏறி உட்கார்ந்தால்... கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். ரோடு தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. என்னைவிட ஒரு முழம் உயரமான ஆளுக்குத் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. சீட் லாக் கெட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு என்ன லாக்? அதை நான் யோசிக்கவில்லை.

2:41. மழை வலுத்தது. கால் பக்கம் ஒரு சத்தம்.

டொக்...

தண்ணீர் பாட்டில் உருள்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். பாட்டில் எதுவும் இல்லை. அடுத்த வளைவு வந்தது. மறுபடியும் டொக்... வளைவுக்குச் சரியாக மூன்று நொடி முன்னால். நான் பிரேக் மிதிக்கிற நேரத்தில்.

3:05. கண் எரிந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. ஒரு வளைவில் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனேன். பெடல் ஏற்கெனவே அமுங்கியிருந்தது. அதன் மேல் ஏதோ இருந்தது. கெட்டியாக... சொரசொரப்பாக... சுண்ணாம்புச் சுவர் மாதிரி.

காலை இழுத்துக்கொண்டேன்.

வண்டி தானாக வேகம் குறைந்து, வளைவில் அழகாகத் திரும்பியது.

3:09. நான் கடைசியாகப் பார்த்த நேரம் அதுதான்.

டக். டக். டக்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கண் விழித்தேன். இன்ஜின் நின்றிருந்தது. கீழே கடைக்கார அக்கா குடையோடு நின்றிருந்தார். மணி 3:52. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். பெல்ட்கூடப் போட்டிருந்தது.

“என்னண்ணே, நல்ல தூக்கமா? உங்ககூட வந்தவர் எங்க?”

“யாரு வந்தது?”

“வண்டி ஓட்டிட்டு வந்தாரே... உயரமா, கால்ல கட்டோட. அந்தக் காலோட ஒரு மனுஷனை வேலைக்கு அனுப்பலாமா? உங்க ஆபீஸ்ல மனசாட்சியே கிடையாதா?”

இறங்கிப் பார்த்தேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. தீப்பொறி வராமலிருக்க எர்த் வயர் மாட்டியிருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஈரத் தரையில் ஒரு கால் செருப்புத் தடம். அதன் பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு தேய்ப்பு. செருப்பு, தேய்ப்பு, செருப்பு, தேய்ப்பு... டேங்கரின் பின்பக்கம் வரை போய் நின்றுவிட்டது.

“டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்,” என்றார் அக்கா. “வேண்டாங்க, இன்னும் ஓட்டணும்னார்.”

கடைக்குள் போய்ப் போனை ஆன் செய்தேன். தங்கச்சியிடமிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. 4:07. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அண்ணா! இவரை எழுப்ப முடியல! கண்ணு மூடியிருக்கு, கை ரெண்டும் ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி தூக்கிக்கிட்டே நிக்குது. கட்டெல்லாம் ஈரம். வீட்டுக்குள்ள எப்படிண்ணா நனையும்? ரூம் பூரா டீசல் நாத்தம்...”

போனை அக்கா கையில் திணித்துவிட்டு ஓடினேன். வண்டியில் ஏறிக் கார்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வந்தது. 4:11.

கடை வாசலிலிருந்து அக்கா கத்தினார். “அண்ணே! முழிச்சிட்டாராம்!”

வண்டியைப் பூட்டிவிட்டேன். எண்ணெய் இறக்கவில்லை. அக்கா தன் காரிலேயே என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார். 5:40. மாப்பிள்ளையை அதற்குள் சேர்த்திருந்தார்கள். டாக்டர் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இவர் தூங்கி எத்தனை நாளாச்சு?”

“தூங்கியா? மூணு வாரமா தூங்கிக்கிட்டேதான் சார் இருக்கார்!”

“உடம்பு அப்படிச் சொல்லலம்மா. இவர் ரொம்ப நாளா ராப்பகலா உழைச்சிருக்கார். இதயம் தாங்கல.”

நான் பக்கத்தில் போனேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உதடு மட்டும் அசைந்தது.

“மச்சான்... என்னை எறக்கி விடுங்க.”

“எறங்கிட்டே மாப்பிள்ளை. கார்டு என்கிட்ட இருக்கு. இனிமே யாரும் தொட மாட்டாங்க.” நான் அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

6:20க்கு அவன் கண் மூடியது. கைகள் மெதுவாக மேலே எழுந்தன... ஸ்டியரிங் பிடித்தன.

சட்டைப்பையைத் தொட்டேன். கார்டு இருந்தது. எடுத்து இரண்டாக ஒடித்தேன். கைகள் இறங்கவில்லை.

வராந்தாவுக்கு ஓடி ‘அவசர’த்துக்குப் போன் போட்டேன்.

“சார், மாப்பிள்ளை பேர்ல வேற கார்டு ஏதாவது ஓடுதா?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“...தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் கொடுத்து இன்னொண்ணு வாங்கினேன். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வேண்டாமா? நீங்க உருவினதும் அங்க போடுவாங்க. அதுக்கென்ன இப்போ?”

“யார்கிட்ட சார் இருக்கு?”

“புது டிரைவர்கிட்ட. ஏழரைக்குப் பைபாஸ் கடைக்குப் போய்ச் சேருவான்.”

“வண்டியை நிறுத்தச் சொல்லுங்க! இப்பவே!”

“எப்படிச் சொல்றது? போன் ஆஃப்லதானே இருக்கும்...”

பைபாஸ் கடைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தது. டேங்கர் வந்த உடனே பெட்டியிலிருந்து கார்டை உருவச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் சரி என்றது. வண்டி இன்னும் வரவில்லை.

6:31.

6:40. போர்வைக்கு அடியில் மாவுக்கட்டுக் கால் அழுத்திக்கொண்டே இருந்தது. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை.

6:52. டொக்... கட்டில் கம்பியில்.

6:58.

கைகள் ஒரே வெட்டாக ஒரு பக்கம் திரும்பின.

பிறகு விழுந்தன.

தங்கச்சி கத்தினாள்.

டாக்டர் நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் எழுதிக்கொண்டார். நான் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. பைபாஸ் கடைப் பெண். மணி 7:34.

“அண்ணா, வண்டி வந்துடுச்சு. உங்க டிரைவர் பக்கத்து சீட்ல அசந்து தூங்கறாரு. ஓட்டிட்டு வந்தவரே கார்டை உருவி என் கையில கொடுத்துட்டாரு.”

“...எப்போ?”

“இப்பதாண்ணா. கட்டையெல்லாம் வெச்சுட்டு வந்து கொடுத்தாரு. மச்சான் கேப்பாரு, பத்திரமா வெச்சிருன்னாரு.”

மறுநாள் நானே போய் எல்லாவற்றையும் சொல்லி லைசன்ஸை ஒப்படைத்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு பெட்டியிலிருந்தும் காகிதம் எடுத்தார். மூன்று வாரமாக மாப்பிள்ளை பெயர் நாளொன்றுக்குப் பதினாலு, பதினைந்து மணி நேரம் ரோட்டில் இருந்திருக்கிறது. புது டிரைவருக்கு 6:50க்கு மேல் ஒன்றும் ஞாபகமில்லை. 6:58க்கு வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பள்ளிக்கூடப் பஸ்ஸைத் தாண்டி, மறுபடியும் ரோட்டில் ஏறியிருக்கிறது. பஸ் டிரைவரும் அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வரியில்தான் அதிகாரி விரலை வைத்தார். மூன்று தடவை பெட்டியைச் சோதித்துப் பார்த்தாராம். சக்கரம் சுற்றும்போது ‘ஓட்டுகிறார்’ என்பதைத் தவிர வேறு எதையும் அந்தப் பெட்டியால் எழுத முடியாதாம். ஆனால் அந்தக் காகிதத்தில் 6:58 முதல் 7:31 வரை, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த லாரியில், என் மாப்பிள்ளை பெயருக்கு நேரே ‘ஓய்வு’ என்று இருந்தது.

அந்தக் காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. தங்கச்சிக்கு இன்னும் காட்டவில்லை.